பூத்துக்கு மூன்று படி வைத்தது யார்?

தொண்ணூறுகளின் தொடக்கம். பட்டாபிராமில் எங்கள் குடியிருப்புக்கு எஸ்.டி.டி. டெலிபோன் பூத் வந்த சமயம். போலியோவில் இரண்டு கால்களும் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு அதை ஒதுக்கியிருந்தார்கள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் எங்கும் வருவார். பூத்தை நம்பி, பார்த்துக்கொண்டிருந்த டைப்பிங் வேலையையும் விட்டிருந்தார்.

அறை கட்டித் தருவதாக எங்கள் நலச்சங்கம் ஏற்றுக்கொண்டது. டிராயிங் போட்டது நான்தான். அம்பத்தூரில் ஓர் இன்ஜினியரிடம் எனக்கு அதுதான் வேலை. ஓசியில் போட்டுக் கொடுத்தேன் என்று பெருமை வேறு!

திறப்பு நாள். ரிப்பன், சந்தனம், கல்கண்டு எல்லாம் தயார். வண்டி வாசலில் வந்து நின்றது. நின்றதுதான், நகரவில்லை. எதிரே மூன்று படிகள்! மழை வந்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். அதனால் எதைக் கட்டினாலும் தரையை இரண்டடி தூக்கித்தான் பழக்கம். யோசிக்காமல் அப்படியே போட்டுவிட்டேன்.

 வந்த கோபத்தில், அறையைக் கட்டிய மேஸ்திரி மேல் பாய்ந்தேன்.

"இன்னா சார் நீ! படத்துல போட்டுகீறத தானே கட்னேன்?" என்று எகிறினார் அவர்.

சங்கச் செயலாளரோ, "விஷயம் தெரிஞ்சவர், நீங்க பாத்துக்குவீங்கன்னு இருந்துட்டேன் சார்" என்று கையை விரித்தார். சங்கம் சொல்லவில்லையே, நான் என்ன செய்வேன் என்று என் மனசும் வாதாடியது. எல்லோர் பேச்சும் நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் தப்பு யாருடையது? சத்தியமாகப் புரியவில்லை.

இரண்டு பேர் அந்தப் பெண்ணைத் தூக்கிவிட முன்வந்தார்கள்.

"இன்னிக்குத் தூக்குவீங்கண்ணே. நாளைக்குக் காத்தால யாரு வருவா?" என்றார் அவர். "கட்டுறப்போ தினம் இந்த வழியாத்தான் போனேன். ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான், மேஸ்திரி, செயலாளர் மூன்று பேரும் திறப்பைத் தள்ளிப்போட்டோம். ரிப்பனை அவிழ்த்துவிட்டோம்.

மறுநாளே படியை இடித்துச் சரிவு போட்டோம். வண்டி பாதி ஏறிப் பின்னால் உருண்டது. "இன்னும் நீளமா வேணும்" என்றார் அந்தப் பெண். பக்கவாட்டில் நீட்டினோம். உள்ளே போனால் போன் மேடை அவர் தலை உயரத்துக்கு இருந்தது! நான் மேஸ்திரியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அதையும் இடித்தோம். பத்து நாள் கழித்து, யார் கையும் படாமல் அவரே உள்ளே போய் உட்கார்ந்தார்.

அந்தத் தப்பில் என் பங்கு எவ்வளவு, அவர்கள் பங்கு எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதில் மட்டும் மூவருக்குமே முழுப் பங்கு.