வேலியைப் பார்த்த குழி

சவுரிராயன் விடிகாலையில் செத்துப்போனான். குழி எந்த இடத்தில் வெட்டுகிறார்கள் என்று பார்க்க, அவன் பெண்டாட்டி ரோஜா விரித்த தலையோடு கல்லறைத் தோட்டத்துக்கே வந்துவிட்டாள். திண்டிவனத்துப் பக்கத்து அந்த ஊரில் குழி வெட்டுகிற இடத்துக்குப் பெண்கள் வரும் வழக்கமில்லை. வந்தால் என்ன?

அங்கே எல்லாரையும் கிழக்கே கால் நீட்டித்தான் புதைப்பார்கள். ஆண்டவர் திரும்பி வருகிற நாளில் எழுந்து உட்கார்ந்தால், முகத்துக்கு நேரே அவர் நிற்பாராம். சவுரிராயனுக்கோ மூலையில் தெற்கு வடக்காகக் கோடு போட்டிருந்தார்கள். எழுந்தால் எதிரே முள்வேலிதான்.

"இன்னாண்ணே இது?" என்றாள்.

கோயில் காரியம் பார்க்கிற மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டார். "சாராயம் காய்ச்சி ஜெயிலுக்குப் போனவன். நல்லவங்க வரிசையில எப்படிம்மா வெக்கிறது?"

சாராயத்தைப் பற்றி ரோஜாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வானூரில் சித்தாளாகக் கல் சுமந்து பிள்ளைகளை வளர்த்தவள். அவனுடைய பானையைப் போட்டு உடைத்து, அதற்கு அடியும் வாங்கியவள். ஜெயிலிலிருந்து வந்த வருஷம், பெரிய வெள்ளியன்று, ஊரே பார்க்க அவன் சிலுவையடியில் விழுந்து கதறினதையும் அவள்தான் பார்த்தாள். அதற்கப்புறம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போனான். இவள் காய்ச்சலில் படுத்தால் கேப்பைக்கூழ் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தான். அடித்த கையா இது என்று அவளுக்கே திகைப்பாக இருக்கும்.

"அவரு யோக்கியருன்னு நான் சொன்னனா? அவரு பண்ணதெல்லாம் என் முதுகுக்குத் தெரியும். மன்னிச்சது ஆண்டவரு. குடுத்தத திருப்பி வாங்க நீ யாருண்ணே?"

"அதுக்குன்னு ஒரு ஒழுங்கு வேணாமா?"

"ஒழுங்கா? வா, பாக்கலாம்." கல்லறைகளுக்கு நடுவே விடுவிடுவென்று நடந்தாள். "இதோ துரைக்கண்ணு மாமா. இதோ தேவசகாயம். இதோ உங்கப்பாரு. குடிச்சவங்க எல்லாம் கிழக்கப் பாத்துக்கினு ஜம்முனு படுத்துக்கினு இருக்காங்க. காய்ச்சினவரு மட்டும் எழுந்து வேலியப் பாக்கணுமா? நீயுந்தான் தெனம் வந்து குடிச்சே. உனக்கு எந்த மூலைண்ணே?"

மண்வெட்டியோடு நின்ற சேட்டு சிரிப்பை அடக்க இருமினான். மாசிலாமணி அவனை முறைத்தார்.

ரோஜா வரிசையின் கடைசியில், தேவசகாயத்தின் கல்லறைக்குப் பக்கத்தில், சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "இங்க வெட்டு சேட்டு. இல்லாங்காட்டி அந்த மூலையில எனக்கும் சேத்து வெட்டு. ஆண்டவரு எங்க ரெண்டு பேரையும் தேடிக்கினு அங்கயே வருவாரு. ஏண்டா இங்க போட்டீங்கன்னு உங்களத்தான் கேப்பாரு."

"எப்படியாவது போங்க!" என்று மாசிலாமணி வெளியே நடந்தார்.

சேட்டு கடப்பாரையை எடுத்தான். அவன் கிழக்கு மேற்காகக் கோடு கிழித்து முடிக்கிற வரை அவள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து ஜெபித்து அடக்கம் செய்தார். மாசிலாமணியும் ஒரு பிடி மண் போட வந்தார். ரோஜா ஒதுங்கி வழி விட்டாள். முகம் மட்டும் கொடுக்கவில்லை.