பத்து மணிக்குள் போட வேண்டிய கையெழுத்து

என் பெயரில் போலீஸ் ரிப்போர்ட் செய்யப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சென்ற வருடம், நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கைபேசியில் பேசிய கல்லூரி அதிகாரி இரண்டு முறை சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கண்ணில் தண்ணீர் வருவதைப் பார்த்த அம்மா, வெங்காயம்தான் காரணம் என்று நினைத்து விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

என் பெயர் நஸ்ரீன். வயது இருபத்தொன்று. ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் என் அத்தா சோங்கோக் தொப்பியும் ஜிப்பாவும் அத்தரும் விற்கிறார். கடைக்கு மேல்தான் எங்கள் வீடு. நான் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் சட்டம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வக்கீலாக வேண்டும். பிறகு தேர்தலில் நின்று சட்டமன்ற உறுப்பினராகி, ஊரார் ‘ஒய்பி’ என்று அழைக்க வேண்டும். சட்டமன்றத்தில் எழுந்து பேச வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு இதே பேச்சுதான். “ஒய்பி வந்துட்டாங்க, நாற்காலி போடுங்க” என்று அம்மா கிண்டல் செய்வார். நான் வெட்கமே இல்லாமல் உட்கார்ந்துகொள்வேன்.

விஷயம் இதுதான். கல்லூரியில் மாணவர் மன்றத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு நின்றேன். மண்டபத்தில் வேட்பாளர்கள் பேச வேண்டும். மற்றவர்கள் கேன்டீனைப் பற்றியும் வைஃபையைப் பற்றியும் பேசினார்கள். நான் எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் அக்காமார்களின் கைகளைப் பற்றிப் பேசினேன். துப்புரவு வேலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி கையுறை கொடுப்பதில்லை. கழிவறை கழுவும் அமிலத்தில் வெறும் கையை விட்டு விட்டு அவர்களுக்குத் தோல் உரிந்திருந்தது. கமலா அக்காவின் கையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். லெச்சுமி என்ற சின்ன அக்காவுக்கு விரல் மடக்கவே முடியாது. இதைச் சொன்னேன். மண்டபம் கைதட்டியது. யாரோ படம் பிடித்துப் போட, அது ஊரெல்லாம் சுற்றியது. எனக்குத் தலை கால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க நான் ஏற்கெனவே ஒய்பி ஆகிவிட்டேன் என்ற நினைப்பில்தான் நடந்தேன்.

அப்புறம்தான் அந்த ரிப்போர்ட். நான் பொய் சொல்லி அவதூறு பரப்பியதாகக் குத்தகை கம்பெனி புகார் கொடுத்துவிட்டது. கல்லூரி என்னை அழைத்து ஒரு மன்னிப்புக் கடிதத்தைக் காட்டியது. ‘நான் சொன்னது உண்மையல்ல. அப்படி எதுவும் நடக்கவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால் கம்பெனி புகாரைத் திரும்பப் பெறும். போடாவிட்டால் ஒழுங்கு விசாரணை நடக்கும், கல்லூரியை விட்டே நீக்கவும் நீக்கலாம் என்றார்கள். சட்டம் படிக்கிறவர்களுக்கு இது வெறும் படிப்புப் பிரச்சினை இல்லை. வக்கீலாகப் பதிவு செய்யும்போது நன்னடத்தை பார்ப்பார்கள். போலீஸ் ரிப்போர்ட், கல்லூரி நீக்கம் என்று இரண்டும் சேர்ந்தால் என் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது.

சாட்சி இருக்கிறதே என்று நினைத்து அக்காமார்களிடம் ஓடினேன். மூன்று பேர். மூன்று பேரும் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கமலா அக்கா மட்டும் படிக்கட்டோரம் வந்து மெதுவாகச் சொன்னார். “எங்கள விட்ருமா. எங்க கிட்ட கேட்டுட்டா நீ மேடையில பேசுன? சூப்பர்வைசர் எங்கள வரிசையா நிக்க வச்சு கேட்டான். அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லன்னு நாங்க சொல்லிட்டோம். எங்களுக்கு வேல வேணும் தங்கச்சி.”

எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. அதைவிட என்மேல் வந்தது. அவர் கேட்டது நியாயம். நான் அவர்களைக் கேட்கவே இல்லை.

வீட்டிலோ இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அத்தாவுக்குப் போலீஸ் என்றாலே பயம். கடைக்குப் போனார், வந்தார், சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார். “வாயக் குடுத்து வம்ப வாங்கிட்டு வந்திருக்கியே, உனக்கு எதுக்குலா ஊரு வேல?” என்று அம்மா நாள் முழுக்கத் திட்டினார். அத்தா திட்டவில்லை. “உண்மையோ பொய்யோ, போட்டுட்டு வந்துரு புள்ள. படிப்பு இருந்தா மத்ததெல்லாம் பொறவு பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிக் கெஞ்சுகிற குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். தெரிந்த வக்கீல்களுக்கு எழுதினேன். ஒருவர் கையெழுத்துப் போடு என்றார், ஒருவர் போடாதே என்றார், இன்னொருவர் பதிலே போடவில்லை. கடைசியில் தொழுகை விரிப்பைத்தான் விரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதுவரை என் துஆ எல்லாம் ‘எனக்கு அதைக் கொடு, இதைக் கொடு’ என்பதுதான். எதையும் தேர்வு செய்யச் சொல்லி அல்லாஹ்விடம் நான் விட்டதில்லை. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுதேன். நமக்கு நல்லதென்றால் அந்தக் காரியத்தை எளிதாக்கு, கெட்டதென்றால் அதை நம்மைவிட்டும் நம்மை அதைவிட்டும் திருப்பிவிடு என்று கேட்பதுதானே அந்த துஆ. அரபியில் ஓதி முடித்தேன். “யா அல்லாஹ், எனக்கு ஒன்றும் தெரியவில்லை” என்று தமிழில் அழுதேன்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. இஸ்திகாரா தொழுதால் கனவு வரும் என்று காத்திருப்போம். வெள்ளையோ பச்சையோ வந்தால் சரி, கறுப்போ சிவப்போ வந்தால் வேண்டாம். எனக்குக் கனவு வருவதற்குள் வீட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டது. அம்மா கனவில் கொடி நிறைய வெள்ளைத் துணி காய்ந்ததாம். ஆகவே கையெழுத்துப் போட வேண்டுமாம். அத்தாவின் தங்கை, எங்கள் மாமி, அவருக்கு நான் சட்டம் படிப்பதே பிடிக்காது. அவர் கனவில் நான் பச்சைப் பட்டு கட்டி மணமேடையில் உட்கார்ந்திருந்தேனாம். “பாத்தியா, படிப்ப விட்டுட்டுக் கல்யாணம் பண்ணச் சொல்லி அல்லாவே காட்டிட்டான்” என்று தொலைபேசியில் ஒரே குதூகலம். அத்தாவுக்குக் கனவு வரவில்லை. அவர் தூங்கினால்தானே?

எனக்கு வந்த ஒரே கனவில் ஒரு பூனை எங்கள் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதை வைத்து என்ன தீர்ப்பு எழுதுவது?

ஒவ்வொரு இரவும் தொழுதேன். ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் என் பிடிவாதம் எல்லாம் கரைந்துவிட்டது. இறைவன் என்னைக் கைவிட்டுவிட்டான் என்றே நினைத்தேன். “போடுறேன் அத்தா” என்றேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டுவிட்டு எந்த முகத்தோடு வக்கீல் கோட்டு மாட்டுவேன்?

வியாழக்கிழமை விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்பிவிட்டோம். காடியை அத்தாதான் ஓட்டினார். பத்து மணிக்குப் பத்து காவானில் இருக்க அது தாராளமான நேரம். ஆனால் பாலத்தின் நடுவில் ஒரு லோரி பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டது. முன்னால் காடி, பின்னால் காடி, இரண்டு பக்கமும் கடல். நகரவில்லை. எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. பத்து மணி தாண்டினால் விசாரணைதான். கல்லூரிக்கு அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. அந்த லோரிக்காரனை வாயில் வந்தபடி திட்டினேன். “இவனுக்கு வேற நாளே கெடைக்கலயா? ஏன் ரப்பே, பாவம் பண்ணப் போறப்பகூட இப்படி வழிய மறிக்கிற?” என்று கத்தினேன். என்ன சொன்னேன் என்று எனக்கே அப்போது உறைக்கவில்லை.

பத்து மணிக்குச் சற்று முன்பு கைபேசி அடித்தது. கல்லூரிதான் என்று நினைத்துப் பதறிப்போய் அழுத்தினேன். குரல் காடியின் ஒலிபெருக்கியில் வந்தது.

“தங்கச்சி, கமலா பேசுறேன். நீ அந்தக் கடுதாசியில கையெழுத்து போட்டுட்டியா?”

“இல்லக்கா. பாலத்துல ஜேம்ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன்.”

“அப்பாடா, முருகா!” என்று அவர் தன் சாமியைக் கூப்பிட்டார். பிறகு அழ ஆரம்பித்தார். “லெச்சுமி கை பழுத்துப்போச்சும்மா. நேத்து ஹாஸ்பிட்டல்ல சேத்துருக்கு. இதுக்கு மேலயும் வாய மூடிக்கிட்டு இருந்தா நாங்க மனுசங்களே இல்ல. லேபர் ஆபீஸ் போயி கம்ப்ளேன் பண்ணப் போறோம். சூப்பர்வைசர் சிரிக்கிறான். இன்னிக்குப் பத்து மணிக்கு அந்தப் புள்ளயே வந்து எல்லாம் பொய்யின்னு எழுதிக் குடுக்குது, அதுக்கப்புறம் உங்கள எவன் நம்புவான்னு கேக்குறான். அது கேட்டதுலருந்து உனக்குப் போட்டுக்கிட்டே இருக்கேன், லைன் கெடைக்கல. நாங்க புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறோம். எங்களுக்கு ஆபீஸ்ல மலாய்ல சரியாப் பேச வராது. நீ வர்றியாம்மா?”

“திரும்பக் கூப்பிடுறேங்கா” என்று வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடக் கிளம்பியவளுக்கு ‘வருகிறேன்’ என்று சொல்ல என்ன உரிமை? பக்கத்தில் அத்தா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

“அந்தப் புள்ளைங்க கைய நீ பாத்தியா?”

“பாத்தேன் அத்தா.”

“நெசமாவே தோலு உரிஞ்சிருந்துச்சா?”

“ஆமா அத்தா. சதை தெரிஞ்சது.”

அத்தனை நாளில் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. உண்மையா என்று யாருமே கேட்கவில்லை. நான் விக்கி விக்கி அழுதேன். அத்தா தன் கைக்குட்டையை எடுத்து என் மடியில் போட்டார்.

லோரியை இழுத்துப் போனார்கள். காடிகள் நகர்ந்தன. பாலம் இறங்கியதும் பத்து காவானுக்குப் பிரிய வேண்டும். அத்தா பிரியவில்லை. நேராகப் புக்கிட் மெர்தாஜாம் சாலையில் விட்டார். “அக்கா கிட்ட சொல்லு, வந்துக்கிட்டு இருக்கோம்னு” என்றார். அவர் பயம் போகவில்லை. பயத்தோடுதான் ஓட்டினார்.

சகோதர சகோதரிகளே, அதன்பிறகு எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். விசாரணை நடந்தது. அன்று அக்காமார்கள் இரண்டு பேரும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு லெச்சுமி அக்காவும் லேபர் ஆபீஸில் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் என் கையில் இருந்ததால் நீக்கவில்லை. ஆனால் அனுமதியில்லாமல் குற்றம் சாட்டியதற்காக ஒரு செமஸ்டர் என்னை வெளியே நிறுத்தினார்கள். தேர்தலிலிருந்தும் என் பெயரை எடுத்துவிட்டார்கள். போலீஸில் வாக்குமூலம் பதிவு செய்தார்கள். அது இன்னும் முடிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அம்மா இன்றைக்கும் கதவு தட்டும் சத்தம் கேட்டால் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, போலீஸா என்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். லெச்சுமி அக்காவின் ஒரு விரல் முழுதாகக் குணமாகவில்லை.

ஆனாலும் நான் அல்லாஹ்வைப் புகழ்கிறேன். பாலத்தில் அந்த லோரி நிற்காமல் போயிருந்தால் அந்தப் பொய்யில் என் பெயர் ஏறியிருக்கும். மூன்று பெண்களின் வாயை என் கையே அடைத்திருக்கும். பிறகு நான் வக்கீலாகி, ஒய்பியாகி எத்தனை மேடை ஏறினாலும் அந்தக் கையெழுத்து என்னைத் தின்றிருக்கும். அதை என்னைவிட்டுத் திருப்பு என்று நானேதான் கேட்டேன். திருப்பினான். நானோ கனவில் தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் யாருக்காகவும் வாய் திறப்பதற்கு முன் முதலில் அவர்களிடம் போய்க் கேட்கிறேன். வீட்டில் இருந்த அந்த செமஸ்டரில் அத்தா கடைக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். என் ஆசை குறையவில்லை. கைதட்டலுக்காக ஏங்குவது மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

உங்களுக்கும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாத ஒரு காலை வரும். அப்போது கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் உங்களுக்குப் பிடித்த உருவத்தில்தான் வர வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். போகிற வழி அடைபட்டால் கொஞ்சம் பொறுங்கள். நான் பொறுக்கவில்லை, கத்தினேன். அப்படிக் கத்திய எனக்கே அவன் இரங்கினான் என்றால் உங்களுக்கு இரங்கமாட்டானா?

போன மாதம்தான் கல்லூரிக்குத் திரும்பினேன். முதல் நாள் உள்ளே நுழைந்தேன். சிலர் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். தாழ்வாரத்தில் கமலா அக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை நீலக் கையுறை. நிமிர்ந்து பார்த்தவர் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு என் அருகில் வந்தார்.

“பாத்து நட தங்கச்சி. ஈரமா இருக்கு, எங்கயாச்சும் விழுந்து வைக்காத. நீ எங்களுக்கு வேணும்.”

அல்ஹம்துலில்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஓரமாக நடந்து வகுப்புக்குப் போனேன்.