காலண்டர் தாளில் எழுதிய சாப்பாடு

மணிமங்கலத்தில் என் அக்கா மகள் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி வனிதா தூங்கிவிட்டாள். சும்மா கண்ணயரவில்லை, குறட்டையோடு தூங்கினாள். பிறகு வீடியோ வந்தபோது கெட்டிமேளத்துக்கு நடுவே அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. சொந்தக்காரர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது ஒரு நோயின் அறிகுறி என்று யாருக்கும் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவர், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவர், "வாயைக் கட்ட முடியாதா" என்று எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறவர். அவருக்காகவும், அவர் பக்கத்திலேயே இருந்துகொண்டு எல்லாம் தெரிந்ததுபோல நடக்கும் என்னைப் போன்ற ஆட்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிறோம். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் இரண்டு பேர்தான். எனக்கு ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட் என்று ஷிஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். வனிதா இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் சமையல் செய்கிறாள். பகல் முழுவதும் சாம்பார் வாசனைக்குள் நிற்கிற வேலை. அங்கே நிற்கிறவளிடம் உடம்பைக் குறை என்று சொல்வது எவ்வளவு சுலபம்.

முழங்கால் வலிக்காகப் போன இடத்தில்தான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அங்கிருந்து அறுவை சிகிச்சை டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் ஸ்லீவ் அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிவிட்டு ஒரு குழாய் அளவுக்குச் சிறிதாக்குவது) செய்யலாம் என்றார்.

"நடந்தும் பாத்துட்டீங்க, பட்டினி கெடந்தும் பாத்துட்டீங்க. இது சோம்பேறித்தனம் இல்லம்மா, நோய்" என்றார்.

வனிதா அங்கேயே அழுதுவிட்டாள். நாற்பத்து நாலு வயதில் முதல்முறையாக ஒருவர் அவளைத் திட்டாமல் பேசியிருக்கிறார். அந்த ஒருவர் நானாக இல்லையே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

என் கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் அவளும் சேர்ந்திருந்தாள். ஆனால் முன் அனுமதி (அறுவைக்கு முன்பே காப்பீட்டு நிறுவனம் தரும் ஒப்புதல்) கிடைக்க ஒரு நிபந்தனை இருந்தது. ஆறு மாதம் இடைவிடாமல் மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் போக வேண்டும். மாதாமாதம் எடை பார்த்து, தினமும் சாப்பிட்டதை ஃபாரத்தில் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். காப்பீடு இல்லாமல் இந்த அறுவையை நாங்கள் நினைத்தே பார்க்க முடியாது.

மூன்று மாதம் நன்றாகப் போனது. கேன்டீனில் "சமைக்கிற கையி, பாவம், துன்ன மாட்டேங்குது" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்களாம். அவள் சிரித்துக்கொண்டே தன் டப்பாவிலிருந்து வெள்ளரிக்காயை எடுத்துக் கடிப்பாள். உப்பு பார்க்கக்கூட வேறொரு பெண்ணைக் கூப்பிட்டாள்.

நாலாவது மாதம் ஏதோ சரியில்லை. ஃபாரத்தை அவள் தொடவே இல்லை. ஆலோசகரிடம் போக வேண்டியதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்க்கிறேன், முப்பது நாளும் வெள்ளையாகக் கிடக்கிறது.

இங்கே என் தொழில் குணத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் லைனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பீஸை அளந்து செக் ஷீட்டில் எழுத வேண்டும். லைன் ஓடுகிற வேகத்தில் யாருக்கு நேரம்? ஷிஃப்ட் முடியும்போது எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவோம். பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வராமல் ஒரு புள்ளி கூட்டி, ஒரு புள்ளி குறைத்து எழுதுவதில் நான் கெட்டிக்காரன்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அன்றைக்கு வீட்டில் காட்டினேன். முப்பது நாள் சாப்பாட்டையும் ஒரு மணி நேரத்தில் எழுதினேன். முளைகட்டிய பயறு, மோர், இரண்டு இட்லி. நம்பும்படி இருக்கட்டும் என்று நடுவில் ஒரு மெதுவடையும் அரை டம்ளர் பாயசமும் சேர்த்தேன். வனிதா எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ ஏறியிருந்தது. உணவு ஆலோசகர் என் மகள் வயதுப் பெண். ஃபாரத்தைப் புரட்டிவிட்டு, "இதுல எல்லாம் சரியா இருக்கேம்மா, அப்புறம் எப்படி ஏறுச்சு?" என்று கேட்டார்.

மெஷினைக் குறை சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வனிதா பேசினாள்.

"மேடம், அது நான் எழுதுனது இல்ல. இவரு எழுதுனது. நான் துன்னது இதுல கீது."

பையிலிருந்து ஒரு கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியவை. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் நேரம் போட்டு எழுதியிருந்தாள். எனக்குக் காது சுட்டது.

"ஃபாரத்திலயே எழுதியிருக்கலாமேம்மா?"

"அதுல காலைல, மதியம், சாயந்தரம், ராத்திரி, நாலு கட்டம்தான மேடம் கீது? ராத்திரி ரெண்டு மணிக்குத் துன்றத எங்க எழுதறது?"

ஆலோசகர் தாள்களைத் தேதி வாரியாக மேசையில் பரப்பினார். பாதி மாதம் ஒழுங்கான சாப்பாடு. மீதி இரண்டு வாரம் வேறு மாதிரி. பதினொன்றரைக்கு முறுக்கு. ஒரு மணிக்கு உப்புமா. இரண்டரைக்கு பிஸ்கட், ஒரு பாக்கெட் முழுசாக. நாலு மணிக்கு டீயும் ரொட்டியும். "இந்த ரெண்டு வாரம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

தேதிகளைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கூட வேலை செய்கிறவன் ஊருக்குப் போனதால் அந்த மாதம் எனக்கு இரண்டு வாரம் நைட் விழுந்திருந்தது. "அது என் நைட் ஷிஃப்ட்டும்மா" என்றேன்.

வனிதா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "இவரு பக்கத்துல படுத்துகினு இருந்தா, மூச்சு நின்னா தோள ஆட்டி எழுப்பி வுடுவாரு. நைட்டுக்குப் போய்ட்டா யாரு எழுப்புவா? ஒரு நாளு தூக்கத்துல மூச்சு அடச்சி, தண்ணில முங்குன மாதிரி எழுந்தேன். அப்பால இவரு இல்லாத ராத்திரி நான் படுக்கறதே இல்ல மேடம். வாய்ல எதுனா போட்டுக்கினே இருந்தா தூக்கம் வராது."

குறட்டைத் தொல்லை தாங்காமல்தான் நான் அவள் தோளை இடிப்பேன். அரைத் தூக்கத்தில், எரிச்சலோடு. அந்தக் கையைத்தான் அவள் தன் உயிரைக் காப்பாற்றும் கை என்று நம்பியிருக்கிறாள்.

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன். கத்துவதற்கு அது இடமா என்றுகூட யோசிக்கவில்லை.

"சொன்னா நைட்டு வாணாம்னு சூப்பர்வைசராண்ட சண்டைக்கு நிப்ப மாமா. போன கம்பெனில அப்டித்தான சட்டையக் கழட்டி வீசிட்டு வந்த?"

வீசிவிட்டுத்தான் வந்தேன்.

ஆலோசகர் என் ஃபாரத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தார். காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக நகல் எடுக்கச் சொன்னார். "எடை ஏறினதையும் எழுதித்தான் அனுப்புவேன். இந்த மாசத்தை அவங்க ஏத்துக்குவாங்களான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

"ஏத்துக்கலைன்னா ஒண்ணுலேர்ந்து எண்ணிக்கலாம் மேடம்" என்றாள் வனிதா.

நாலு மாதம் நாக்கைக் கட்டியவள் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் தெரியுமா? அவளைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட நான் அப்படி வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்திருக்க மாட்டேன்.

அந்த வாரமே தூக்கப் பரிசோதனை நடந்தது. கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு நின்று நின்று வரும் நோய்) என்று முடிவு வந்தது. மருத்துவமனைக்கு முதன்முதலில் போன அன்று ஒரு படிவத்தில் 'குறட்டை உண்டா' என்று கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் இருப்பதுதானே என்று 'இல்லை'யில் டிக் அடித்தவன் நான்தான். மயக்க மருந்து டாக்டர் அதை எடுத்துக் காட்டினார். "இது தெரியாம மயக்கம் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், வனிதா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். உணவுக் குறிப்பை மதிப்பெண் வாங்கும் பரீட்சை என்று நினைக்காதீர்கள். தின்றதைத் தின்றபடி எழுதுங்கள். கட்டம் போதவில்லை என்றால் பின்பக்கத்தில் எழுதுங்கள். பக்கத்தில் என்னைப் போல் ஒரு கெட்டிக்காரன் இருந்தால் பேனாவைப் பிடுங்கி வையுங்கள்.

சிபாப் (மூச்சுப்பாதை மூடிவிடாதபடி காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வீட்டுக்கு வந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு "எப்டி கீது மாமா, யானை மாதிரியா?" என்று கேட்டாள். யானை இவ்வளவு அழகாக இருக்காது என்றேன். காப்பீட்டிலிருந்து நாலாவது மாதத்தைப் பற்றிக் கேள்வி வந்தது. தூக்கப் பரிசோதனை முடிவையும் காலண்டர் தாள் நகல்களையும் சேர்த்து டாக்டர் கடிதம் எழுதினார். பதில் வரப் பல நாள் ஆனது. அதுவரை அவள் ஒரு வேளைகூட எழுதாமல் விடவில்லை. மாதத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆறாவது கையெழுத்தும் விழுந்தது, முன் அனுமதியும் வந்தது.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் வெறும் நீர் ஆகாரம் (கல்லீரல் சுருங்கினால்தான் இரைப்பையை எட்ட முடியும் என்பதற்காக). கேன்டீனில் அதற்கு நடுவே பிரியாணி நாள் வந்தது. அத்தனை பேருக்கும் தம் உடைத்துப் பரிமாறிவிட்டு, ஓரமாக நின்று பருப்புத் தண்ணீர் குடித்தாளாம். நானாக இருந்தால் கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. முதல் மாதங்கள் லேசானவை அல்ல. முடி கொட்டியது. ஒரு வாய் கூடிப்போனால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். ஒரு கிண்ணம் சாப்பிட அரை மணி நேரம் ஆனது. எங்கள் கம்பெனி கேன்டீனில் பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்து பழகிய நான், அவளுக்காக அந்த அரை மணி நேரம் உட்காரக் கற்றுக்கொண்டேன். சோற்றுக்கு இவ்வளவு ருசி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பத்து மாதம் கழித்து மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தார்கள். இனி கருவி வேண்டாம் என்றார் டாக்டர். சந்தோஷப்பட வேண்டிய நான் பயந்தேன். அடுத்த திங்கட்கிழமை எனக்கு நைட்.

"போன் பண்ணிப் பண்ணி எழுப்பாத, சொல்லிட்டேன்" என்று கறாராகச் சொல்லி அனுப்பினாள். செல்லில் எத்தனை முறை அவள் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தாமல் விட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

காலையில் ஏழரைக்கு வந்தேன். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. எத்தனையோ வருடமாக, நைட் முடித்து நான் தெருமுனை திரும்பும்போதே கதவு திறந்திருக்கும். தட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உள்ளே சத்தமே இல்லை. அவளை வேலைக்கு ஏற்றிப்போகும் கேன்டீன் வேன் முனையில் வந்து நின்று இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. இரண்டு கையாலும் கதவை இடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரை எடுக்க உள்ளே ஓடினார்.

தாழ்ப்பாள் விலகியது. தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, கண்ணைத் திறக்க முடியாமல் நின்றாள்.

"இன்னாத்துக்கு மாமா தெருவே கேக்கற மாதிரி இடிக்கற?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் கைக்கு அந்தத் தோள் புதிதாக இருந்தது.

"வேன் போயிடுச்சி" என்றேன்.

"போவட்டும்" என்றாள். வெளியே அடிக்கிற வெயிலை ஆச்சரியமாகப் பார்த்தாள். "படுத்ததுதான் தெரியும். ராத்திரி எங்க போச்சின்னே தெரில மாமா."