புவனம் அக்கா வாசித்த வேல்ஸ்

1. வைத்திலிங்கம் சபாநாயகம் ஆகிய நான், யாழ்ப்பாணத்தில் ஒன்பது ஆண்டுகள் சட்டத்தரணியாகவும், பின்னர் ரொறன்ரோவில் ஓய்வுபெறும்வரை நீதிமன்ற உரைபெயர்ப்பாளனாகவும் கடமையாற்றியவன். வெக்ஸ்போர்ட் நூலகக் கிளையில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தின் செயலாளர். அதன் யாப்பை, அதாவது விதிக்கோவையை, எழுதியவனும் நானே.

2. சென்ற மாதம் காலமான திருமதி புவனேஸ்வரி இராசரத்தினம் அவர்களை, எங்கள் எல்லோருக்கும் புவனம் அக்காவை, வட்டம் தொடங்கிய நாள் முதலாகப் பதினான்கு ஆண்டுகள் அறிவேன்.

3. நான் நேரில் கண்டதையும் கேட்டதையும் அவ்வாறே சொல்கிறேன். மற்றவர் சொல்லி அறிந்ததை அப்படி அறிந்ததாகவே குறிப்பிடுகிறேன்.

4. அக்காவின் மகள் தர்சினி ஆங்கிலத்தில் எழுதிய சிறுகதைத் தொகுதி எங்கள் வட்டத்தில் வாசிக்கப்படாமற் போனதற்கு அதன் தரம் காரணமல்ல என்பதைப் பதிவுசெய்வதும் இவ்வஞ்சலியின் நோக்கம். அதை ஒதுக்கிவிட்டு அக்காவைப் பற்றி நல்ல விதமாக இரண்டு பக்கம் எழுத எனக்குத் தெரியும். அப்படிப் பலருக்கு எழுதிவிட்டேன். இனி அதற்கு என்னிடம் தெம்பில்லை.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. லோரன்ஸ் வீதியில் பஸ்சுக்காக நின்றிருந்தேன். வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கூப்பிய கைகளின் படம் போட்டிருந்தார். அதன் கீழே ஒருவர் அக்காவின் வயதைப் பிழையாக எழுதியிருந்தார், இன்னொருவர் அதைத் திருத்தியிருந்தார். உறுதிப்படுத்தாத மரணச் செய்திக்கு நான் மறுமொழி எழுதுவதில்லை. வீட்டுக்கு அழைத்தேன். தர்சினிதான் எடுத்தார்.

"ஓம் அங்கிள். காலமை அஞ்சு மணிபோலை" என்றார். பஸ் வந்தது. ஏறிப் பல்வைத்தியரிடம் போய்விட்டு வந்தேன். நேரம் குறித்திருந்தது, அதனால் போனேன். இந்த வயதில் ஒரு மரணச் செய்திக்காக அன்றைய அலுவல் எதுவும் நின்றுவிடுவதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

அக்காவின் கணவர் பிரித்தானியாவின் மேற்கே, தெற்கு வேல்சில் ஒரு பள்ளத்தாக்கு ஊரின் மருத்துவமனையில் ஆய்வுகூடப் பணியாளராக இருந்தவர். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட ஊர். தர்சினி பிறந்தது அங்கே. அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது குடும்பம் கனடாவுக்கு வந்து, முதலில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியிலும், பிறகு வெக்ஸ்போர்ட்டிலும் வாழ்ந்தது. அக்கா வேல்சிலிருந்து கொண்டுவந்தவை பெரும்பாலும் புத்தகங்களே. பின்னரும் ஆண்டுதோறும் தபாலில் வரவழைத்துக்கொண்டார். எல்லாம் வேல்ஸ்காரர் ஆங்கிலத்தில் எழுதியவை, எல்லாம் இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களுடையவை.

முதற் கூட்டத்திலேயே எங்கள் நண்பர் குகதாசன் அவரை மடக்கப் பார்த்தார். வேல்ஸ் இலக்கியம் என்றால் அவர்களுடைய சொந்த வேல்ஸ் மொழியில் அல்லவா இருக்கவேண்டும் என்று கேட்டார். அக்கா கோபிக்கவில்லை.

"அந்த மொழியிலையும் இருக்கு, நல்லா இருக்கு. எனக்கு அது தெரியாது. என்ரை பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாது. அவவின்ரை தாய்க்குத் தெரியும். நான் கொண்டு வந்திருக்கிறது அந்தப் பக்கத்து வீட்டுக்காரி எழுதினது எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

அவர் வாசிக்கும் முறையை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிப்பார். பிறகு புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்து, அதே பக்கத்தை எங்கள் பேச்சுத் தமிழில் சொல்வார். ஆட்டுப் பண்ணைக்காரனும், விடுமுறைக்கு வரும் பணக்காரரால் வீட்டு விலை ஏறிப்போன கரையோர ஊர்ப் பெண்ணும் அவர் வாயில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் ஆனார்கள். கார்டிஃப் துறைமுகப் பகுதியில், சோமாலியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த ஒருவர் எழுதியதைக்கூடக் கொண்டுவந்தார். இதுவும் வேல்ஸ் எழுத்தா என்று கேட்டோம். அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், அதற்கும் அப்படி எழுதுபவர்கள் நெடுங்காலம் சண்டை பிடித்திருக்கிறார்கள் என்றார். "இங்கிலீசிலை எழுதினாலும் பெய்யிறது அந்த ஊர் மழைதானே, தம்பி" என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை.

ஒரு கதையை மட்டும் குறிப்பிடவேண்டும். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர். பக்கவாதத்தின் பின் அவரிடமிருந்து ஆங்கிலம் போய்விடுகிறது. சிறுவயது மொழி மட்டும் மிஞ்சுகிறது. மகளுக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது. அவர்தான் கற்றுக்கொடுக்கவில்லை, ஆங்கிலம் மட்டும் பேசினால் பிள்ளை முன்னேறும் என்று எண்ணியவர். மகள் ஒவ்வொரு நாளும் வந்து கட்டிலருகே இருந்து, விளங்காத பேச்சுக்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் போகிறாள். அக்கா சொல்லி முடித்ததும் குகதாசன் எழுந்து வெளியே போனார். அவருடைய பையன்கள் இருவரும் அவரோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அன்று என் கண்ணும் கலங்கியது. யாரோ, அவர்கள் மொழியைக் கைவிட்டுவிட்டார்கள் என்றார். அக்கா திருத்தினார். "கைவிட்டவை எண்டு சொல்லாதேங்கோ. அந்தப் பிள்ளையளின்ரை கையிலை ஆரும் குடுக்கேல்லை."

இனி எங்கள் யாப்பின் நான்காம் விதி. வட்டத்தில் பிறமொழி இலக்கியம் எதையும் வாசிக்கலாம், ஆனால் தமிழர் எழுதிய நூலாயின் அது தமிழில் இருத்தல் வேண்டும் என்பது அந்த விதி. அதற்கு உயர்ந்த நோக்கம் ஏதும் இருக்கவில்லை. தொடக்கக் காலத்தில் உறுப்பினர் ஒருவர், வீடு வாங்கி விற்பது எப்படி என்று ஆங்கிலத்தில் தாமே எழுதிய கைந்நூலை மூன்று கூட்டங்களுக்குத் தொடர்ந்து கொண்டுவந்தார். அவர் மனம் நோகாமல் நிறுத்துவதற்காக அந்த விதியை எழுதினேன். நன்றாக எழுதப்பட்ட விதி. அதில் ஓட்டை இல்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கார்த்திகை மாதக் கூட்டத்தில் அக்கா ஒரு மெல்லிய புத்தகத்தை மேசையில் வைத்தார். அட்டையில் தர்சினியின் பெயர் இருந்தது. தன் மகள் என்று அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் இதை வாசிக்கலாமா என்று மட்டும் கேட்டார்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றார் குகதாசன். "நாலாம் விதி எண்டு ஒண்டு கிடக்கெல்லே. செயலாளர் என்ன சொல்லுறார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மனப்பாடமாகத் தெரிந்த யாப்பை எடுத்துப் புரட்டினேன். அக்காவுக்கு உதவவேண்டும் என்றுதான் நினைத்தேன். வழி ஒன்றும் கண்டுபிடித்தேன்.

"அக்கா, பிள்ளை பிறந்தது வேல்சிலை. பிறமொழி இலக்கியம் எண்டு பதிஞ்சால் விதி தடுக்காது. உங்கடை வேல்ஸ் வரிசையிலை ஒண்டாய் வாசிக்கலாம்."

"பிறகென்ன, பிள்ளை வேல்ஸ்காரி. அலுவல் முடிஞ்சுது" என்றார் குகதாசன். சிரித்தோம். அக்காவும் முதலில் சிரித்தார். பிறகு கையை நீட்டிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"தம்பி, அவள் என்ரை பிள்ளை. வெளியாள் எண்டு எழுதித்தான் அவளை உள்ளுக்கு எடுப்பியள் எண்டால், எனக்கு அது வேண்டாம்."

குரல் உயரவில்லை. புத்தகத்தைப் பையில் வைத்தார். அப்படியானால் அடுத்த மாதம் எதை வாசிப்போம் என்று அவரே கேட்டு, இன்னொரு வேல்ஸ் நூலின் பெயரையும் சொன்னார். நூல் முன்மொழிந்தவரால் மீளப்பெறப்பட்டது என்று கூட்டறிக்கையில் எழுதினேன். கூட்டறிக்கையில் தீர்மானம் மட்டுமே இடம்பெறும், பேச்சு இடம்பெறாது. அன்று மட்டும் அக்கா சொன்ன வார்த்தைகளையும் கீழே எழுதிவைத்தேன். ஏன் என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை.

அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நானும்தான். அன்றைக்கு எட்டு ஆண்டுகளாக, தங்கள் மொழி கிடைக்காமற்போய் ஆங்கிலத்தில் எழுதிய வேல்ஸ் பிள்ளைகளை வாசித்து உருகிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருந்தது. ஒருவருடைய பிள்ளை அதையே எழுதிக்கொண்டு வந்தபோது, விதியைப் பார்த்தோம்.

அக்கா தொடர்ந்து வந்தார். அந்தப் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை. அது முடிந்த அலுவல் என்று நான் நம்பினேன், அல்லது நம்ப விரும்பினேன். வட்டம் மெலிந்தது. சிலர் பிள்ளைகளோடு பிறம்ரன் போனார்கள், சிலர் போய்ச்சேர்ந்தார்கள். கதிரைகளை வட்டமாகப் போடுவதை நிறுத்தி ஒரு மேசையோடு சுருங்கிக்கொண்டோம்.

கடந்த மார்கழியில் மருத்துவமனையில் பார்த்தபோது, நலம் விசாரிக்க விடாமல் அவர்தான் கேட்டார்.

"நீர் அவளின்ரை புத்தகம் வாசிச்சனீரோ?"

"இல்லை அக்கா."

"ஒருத்தரும் வாசிக்கேல்லை. புத்தகம் நல்லாயில்லை எண்டு நீங்கள் வாசிச்சுச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன்." சற்று மூச்சு வாங்கினார். "வாசிச்சிட்டு வாரும். பிறகு விதியைக் கதைப்பம்."

நூலகத்தில் எடுத்தேன். மூன்று கதைகள் வாசித்திருந்தபோது அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது. மீதியை இறுதிக்கிரியைகள் முடிந்தபின் வாசித்தேன். ஒரு கதையில் யாழ்ப்பாணத்தில் நடக்கும் மாமனின் செத்தவீட்டைத் தாய்க்குத் திரையில் காட்ட மகள் தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அங்குள்ளவர்கள் அவளோடு பேசுகிறார்கள். அவளுக்குத் தமிழில் சொல் வரவில்லை. தொலைபேசியைத் தாயின் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டு, தான் பின்னால் மறைந்துகொள்கிறாள். நான் திறனாய்வாளன் அல்லன். ஆயினும் பதினான்கு ஆண்டுகள் அக்கா வாசிக்கக் கேட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன்: அது நல்ல கதை. அக்கா கொண்டுவந்த எந்த வேல்ஸ் கதைக்கும் பக்கத்தில் வைக்கலாம்.

இம்மாதக் கூட்டத்தில் நான்காம் விதியை நீக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தேன். எதிர்ப்பு வரும் என்று விரிவான விளக்கம் தயாரித்திருந்தேன். தேவைப்படவில்லை. எதிர்த்திருக்கக்கூடியவர்கள் இப்போது இல்லை. இருந்தவர்கள் குளிர்க் கோட்டைக் கழற்றாமலே கையுயர்த்தினார்கள். வழிமொழிந்த குகதாசன், "உது அப்பவே செய்திருக்க வேணும்" என்றார். ஓம் என்றேன். அதற்குமேல் பேச இருவருக்கும் களைப்பாக இருந்தது.

அடுத்த மாதம் உங்கள் நூலை வாசிக்கிறோம், வாருங்கள் என்று தர்சினியை அழைத்தேன்.

"ஒவ்வொரு வருசமும் அம்மா சொல்லுவா அங்கிள், நெக்ஸ்ட் இயர் வாசிப்பினமாம் எண்டு. நான் நினைச்சன், உங்களுக்கெல்லாம் புத்தகம் பிடிக்கேல்லையாக்கும், அம்மா பொலைட்டா சொல்லுறா எண்டு. பிறகு நான் எழுதேல்லை. இட்ஸ் ஓகே. இப்ப என்னத்துக்கு?"

அப்போதுதான் அறிந்தேன். எங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக அக்கா ஆறு ஆண்டுகள் மகளிடம் ஒரு பொய்யைச் சொல்லிவந்திருக்கிறார். மகளோ அந்தப் பொய்யிலிருந்து தன் எழுத்தைப் பற்றி ஒரு தீர்ப்பை எடுத்து, அதன்படி நடந்திருக்கிறார். இறந்தவர் மறைத்ததை வெளியிட எனக்கு உரிமை உண்டா என்று பல நாள் யோசித்தேன். அந்தத் தீர்ப்புக்குக் காரணம் நான் எழுதிய விதி. ஆகவே சொல்லும் கடமையும் என்னுடையது என்று முடிவுசெய்தேன். இதில் நான் பிழைவிட்டிருக்கலாம்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சுவது அவருடைய கடைசிக் கட்டளைதான்: வாசித்துவிட்டு வா, பிறகு விதியைப் பேசலாம். வாழ்நாள் முழுவதும் நான் வேலை செய்தது அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் கொடுக்க முன்னர், குகதாசனையும் அழைத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போய், இதைத் தர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. நான்காம் விதிக் கூட்டத்தில் அக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு சொன்ன வார்த்தைகள் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அம்மா அப்பிடியே சொன்னவவோ? இல்லாட்டி நீங்கள் எழுதினதோ?"

அப்படியே சொன்னார் என்றேன். கூட்டறிக்கைப் புத்தகத்தைத் திறந்து முன்னால் வைத்தேன். அவரால் அதை வாசிக்க முடியாது என்பது வைத்தபிறகுதான் உறைத்தது. எந்த வரி என்று கேட்டார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஒருக்காத் திருப்பி வாசியுங்கோ" என்றார். வாசித்தேன். இன்னொரு முறையும் கேட்டார். குகதாசன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனி எழுதுவாரா என்று நான் கேட்கவில்லை. பேனையை அவராகவே கேட்டு வாங்கினார். சம்பந்தப்பட்ட ஒருவர் சாட்சியாக ஒப்பமிடுவது வழக்கமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இது உயில் அல்ல என்பதால் சொல்லாமல் விட்டேன். தர்சினி ஆங்கிலத்தில் கையொப்பமிட்டுள்ளார். அது செல்லும்.

(ஒப்பம்) வை. சபாநாயகம்
வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ

சாட்சிகள்:
க. குகதாசன்
தர்சினி இராசரத்தினம்