சுமக்கக்கூடிய பெட்டி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, வவுனியாவிலிருந்து கொம்பியூட்டர் சாமான் கொண்டுவரும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரி. வேறு ஒருவரும் இல்லை. புதுக்குடியிருப்பில், சமாதானம் இருந்த காலத்து ஒரு மத்தியானம்.

கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பது எங்கள் தொழில். முன் அறையில் என் கொம்பியூட்டர், பின் அறையில் அவளுடையது. இரண்டிலிருந்தும் திறக்கக்கூடியதாக, எல்லாப் படங்களையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு பெட்டி கேட்டிருந்தோம். நானா இரண்டு கொண்டுவந்தார். பெரியதில் இரண்டு டிஸ்க். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். சின்னது ஒரு றாத்தல் பாண் ரொட்டி அளவு, டிஸ்க்கும் ஒன்றுதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவர் சொன்ன வேகமும் கொள்ளளவும் தலைக்குள் போகவில்லை. இரண்டையும் தூக்கிப் பார்த்தேன்.

“என்ன தம்பி, பூசணிக்காயா வாங்குறீங்க?”

“ஓடவேண்டி வந்தா கொண்டுபோக ஏலுமோ எண்டு பாக்கிறன் நானா.”

அவர் சிரிக்கவில்லை. அவரும், முஸ்லிம்களை வெளியேற்றிய காலத்தில், முல்லைத்தீவிலிருந்து கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டவர்.

சின்னதை எடுத்தேன். சுவரைத் துளைத்து வயரை இழுத்து இரண்டு கொம்பியூட்டரோடும் கொழுவினார். முற்றத்தில் ஜெனரேற்றர் ஓட, பெட்டியில் பச்சை வெளிச்சம் மெல்ல மினுங்கியது. நான் முன் அறையில் போட்டதை அவள் பின் அறையில் திறந்தாள். சுவருக்கு அப்பாலிருந்து மாமாவின், அவளுடைய அப்பாவின், குரல் வந்தது. எங்கள் கலியாண வீடியோவில், “பிள்ளையள், சாப்பிட்டாச்சோ” என்று கேட்டபடி நடந்துபோவார். அவர் இறந்த பிறகு மிஞ்சிய குரல் அவ்வளவுதான். கசெற் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கொம்பியூட்டரில் ஏற்றிவைத்த அந்தத் துண்டு மட்டும் தப்பியது. அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். வெயிலும் இரைச்சலும் குரலும் ஒன்றாய்க் கலந்து, மாமா பின்வளவில் உலாவுவது போலவும், நாங்கள்தான் எங்கோ தொலைவில் நிற்பது போலவும் இருந்தது.

அன்று தொடக்கம் எனக்குப் பயம் பிடித்தது. தூரத்தில் ஏதும் சத்தம் கேட்டாலே பெட்டியைக் கழற்றி, காணி உறுதிப் பத்திரம் இருக்கும் பைக்குள் வைத்துவிடுவேன்.

“படம் ஒண்டும் காணேல்லை,” என்பாள் பின் அறையிலிருந்து.

“பைக்குள்ள இருக்கு.”

“அப்ப பையைக் கொழுவிவிடுங்கோ, நான் அதில வேலை செய்யிறன்.”

அடுத்தமுறை வந்த நானாவிடம் அவளே இதைச் சொன்னாள். “ஓடுறவர் கையில மட்டும் இருந்தாப் போதாது தம்பி,” என்றார் அவர். இன்னொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வவுனியாவில் தன் வீட்டு அலுமாரியில் வைக்கலாம் என்றார்.

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, “அப்பாவை ஒருத்தரும் போட்டுக் கேக்கக் கூடாது,” என்றாள்.

“கேக்க மாட்டன் தங்கச்சி. எனக்கும் ஒரு வாப்பா இருந்தவர்.”

நகல் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு போர் திரும்பி வந்தது. அந்த ஓட்டத்தில் பையை எங்கே விட்டோம் என்று இருவருக்கும் நினைவில்லை. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து எங்களை வெளியே விட்டதும் நேரே நானா வீட்டுக்குப் போனோம். டிஸ்க்கைக் கொழுவிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவர் வெளியே போய்விட்டார். அவள் ஒருதரம்தான் போட்டுக் கேட்டாள்.

டிஸ்க்கின் காசை நானா அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நாங்கள் இன்னும் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.