இல்லாத உறுதி

சட்டத்தரணி மங்கையற்கரசி வவுனியா ஆசுபத்திரியில் காலமான செய்தி எட்டு நாள் கழித்துத்தான் கிளிநொச்சிக்கு வந்தது. சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்த அன்று வந்த லொறிச் சாரதி சொன்னார். செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவரை அறிந்த உங்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்தை விட்டு வந்த இராமையா, உருத்திரபுரத்தில் ஒரு குடியேற்றக்காரரிடம் வயல் வாங்கினார். அந்த விற்பனைக்கு உறுதி, அதாவது கிரயப் பத்திரம், எழுதிய நொத்தாரிசு நான். அது அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. அரசாங்க அதிபரின் கச்சேரியின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. எனக்கு அது தெரியும். எல்லாரும் எழுதுகிறார்களே என்று நானும் எழுதினேன். ஆறு வருடங்களில் விற்றவர் இறந்துபோக, அவருடைய மகன் வந்து வயலை விடச் சொன்னார்.

இராமையாவின் வழக்கை எடுத்த மங்கையற்கரசி அவரையும் கூட்டிக்கொண்டு என் கந்தோருக்கு வந்தார். பிழையைத் திருத்தி எழுதலாமா என்று கேட்டேன்.

“பிழையான உறுதியெண்டால் திருத்தலாம் அண்ணை. இது உறுதியே இல்லை. நீங்கள் கையெழுத்து வைச்ச அண்டைக்கே இல்லை.”

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

“அப்ப ஆறு வருசமா நான் யாரு வயலுலங்க வெதைச்சேன்?” என்றார் இராமையா.

“நீங்கள் விதைச்சது உண்மை. அதை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேலாது.”

கச்சேரியில் நடந்த காணி விசாரணையில் மங்கையற்கரசி உறுதிக்காக வாதாடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். அந்த உறுதி வெறிதானது, செல்லாது என்று அவரே முதலில் சொன்னார். மகன் சிரித்தார். அப்படியானால் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைதான் மிச்சம், காணிக்காரர் தானே வயலில் கமம் செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் பத்திரம் இரத்தாகும் என்றார் மங்கையற்கரசி அடுத்ததாக. விற்றவர் கமத்தைக் கைவிட்டுத் தன் ஊரோடு போனதற்கு ஒரே சாட்சி, அவர் வாயால் அதைக் கேட்ட நான். “வராட்டிலும் குறை சொல்லமாட்டன்” என்று மங்கையற்கரசி முதல்நாளே என்னிடம் சொல்லியிருந்தார். காலைமுழுதும் கச்சேரி வாசலில் நடந்துகொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய், தெரிந்தே எழுதினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த போகத்துக்கு முன் புதிய அனுமதிப்பத்திரம், ஆறு வருடம் விதைத்தவர் என்று இராமையாவின் பெயரில் வந்தது. என் கந்தோருக்கு ஆள்வரவு நின்றது. அப்போது மங்கையற்கரசி தன் தகப்பனாரின் காணிக்கு உறுதி எழுத என்னிடமே வந்தார். ஏன் என்னிடம் என்று கேட்டேன்.

“இனி நீங்கள் பாத்துத்தானே எழுதுவியள்” என்றார்.

இப்போதும் கையெழுத்து வைக்கும்முன் என் கை ஒருகணம் நிற்கிறது. அந்தத் தயக்கம் அவர் தந்தது. அதை நான் வைத்திருக்கிறேன்.