நீதிபதி உட்காரவில்லை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எண்ணூரில், ஒரு திருமண மண்டபத்தில் இலவசச் சட்ட உதவி முகாம் நடைபெற்றது. திருவொற்றியூர்க் கோயிலில் நாள்தோறும் பதிகம் பாடுபவன் என்பதால், தொடக்கத்தில் வாழ்த்துப் பாட என்னை அழைத்திருந்தார்கள்.

அரசு விழாவில் யார் எங்கே அமர்வது என்பதைப் பதவிதான் முடிவு செய்யும். நடுநாற்காலி தலைமை விருந்தினரான உயர்நீதிமன்றப் பெண் நீதிபதிக்கு. பதவி இறங்க இறங்க, நாற்காலியும் ஓரத்துக்கு விலகும். கடைசி நாற்காலி அப்பகுதிக் கவுன்சிலருக்கு. அவர் முகத்துவாரக்குப்பத்து மீனவப் பெண். முதல் முறையாக வென்றவர். மகள் மேடையில் அமர்வதைக் காண, மீன் விற்கும் அவருடைய தாய் குப்பத்துப் பெண்களோடு வந்திருந்தார்.

விழா தொடங்கும் வேளையில், எதிர்பாராமல் காவல்துறை உயரதிகாரி ஒருவர் வந்துவிட்டார். அவருக்காக ஒவ்வொருவரும் ஒரு நாற்காலி தள்ளி அமர, இறுதியில் இடமிழந்தவர் கவுன்சிலர்.

"மேடம், கீழ உட்கார்ந்துக்கங்க. வரிசையை மாத்தினா எனக்கு மெமோ வந்துடும்" என்று ஏற்பாடுகளைக் கவனித்த அலுவலர் கெஞ்சினார்.

மேடை ஓரத்தில் நின்ற என்னருகே வந்தபோது அப்பெண்ணின் கண்கள் கலங்கியிருந்தன. "எங்கம்மா யாவாரத்துக்குக்கூடப் போவாம வந்து குந்திகினு கீது ஐயா. அது கண்ணு முன்னால எப்டி எறங்குறது?"

நாற்காலி தரும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் வாழ்த்துப் பாடும்போது யாரும் நகர்வதில்லை. "எம் பக்கத்துல நில்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அலுவலர் நெருங்குவதற்குள் பாடத் தொடங்கினேன். மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

பாடல் முடிந்தது. தலைமை விருந்தினர் அமர்ந்த பிறகே மற்றவர்கள் அமர வேண்டும். நீதிபதி அமரவில்லை. என்னருகே நின்றவரைச் சுட்டி, யாரென்று வினவினார். அலுவலர் வாய் திறக்குமுன் கூட்டத்திலிருந்து தாயின் குரல் எழுந்தது:

"எம் பொண்ணுதாம்மா அது! இன்னா நைனா, நாங்க ஓட்டு போட்டு அனுப்புன கவுன்சிலருக்கு ஒரு சேர் போட மாட்டியா? அதுக்கும் கியூவா?"

மண்டபமே சிரித்தது, நீதிபதியும் சிரித்தார். "இந்த ஊருக்கு நான் விருந்தாளி. வீட்டுக்காரங்க நிக்கும்போது நான் எப்படி உட்கார்றது?" என்றார். அவர் நின்றதால் மேடை முழுவதும் நின்றது. கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கைமாறி வந்தது. காவல் அதிகாரியே தம் இருக்கையை நகர்த்தி இடம் செய்தார். தயங்கித் தயங்கி அப்பெண் அமர்ந்த பின்னரே நீதிபதி அமர்ந்தார். அன்று வந்த மனுக்களில் பலவற்றை அவருக்கு அருகிலிருந்து விளக்கியவர் அந்தக் கவுன்சிலர்தான்.

அடியார் கூட்டத்தின் கடைசியில் நிற்பவரையும் இறைவன் கண்டுகொள்வான் என்று வாழ்நாளெல்லாம் பாடியவன் நான். ஆயினும் இன்று எந்த மேடையேறினாலும், வாய் திறக்குமுன் அங்கே யாருக்கு நாற்காலி இல்லையென்று என் கண்களைத் தேட வைப்பது, அன்று ஒரு நீதிபதி உட்காராமல் நின்ற அந்தச் சில நிமிடங்கள்தான்.